வார்டுக்காகப் படிப்பது

பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை ஒன்றுதான்: "எத்தனை தடவை படிச்சாலும் மனசுல நிக்க மாட்டேங்குது சிஸ்டர்." சொல்பவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. ராத்திரி கண்விழித்துப் படித்துவிட்டு, காலை டியூட்டிக்கு நேரத்தோடு வந்து நிற்பவர்கள். நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்டிருக்கும். ஆனால் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நிறுத்தி, "இவருக்கு இந்த மாத்திரையை எதுக்குக் கொடுக்குறோம்?" என்று கேட்டால் பலருக்கும் பேச்சு வருவதில்லை. முந்தின நாள்தான் அந்த மாத்திரையைப் பற்றிப் படித்திருப்பார்கள்.

வார்டு வேலைக்கு நடுவே இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருவதில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. பாடத்தை எந்த நிலைமையில் பயன்படுத்தப் போகிறோமோ, அந்த நிலைமைக்குத் தக்கபடி படித்தால்தான் அது சமயத்தில் கைகொடுக்கும். கட்டில் பக்கத்தில் புத்தகம் இருக்காது. நோயாளிகள் பாடத்திட்ட வரிசைப்படி வந்து சேர மாட்டார்கள். ஒரே ஆளுக்குச் சர்க்கரை, இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு மூன்றும் இருக்கும். அவர் கேட்கும் கேள்விக்கு அங்கேயே, அப்போதே பதில் வேண்டும்.

திரும்பத் திரும்ப வாசிப்பதில் உள்ள சிக்கல் என்னவென்றால், அது நன்றாகப் படித்துவிட்ட திருப்தியைக் கொடுத்துவிடும். மூன்றாவது முறை வாசிக்கும்போது எல்லா வரியும் பழகிய முகமாகத் தெரியும். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்ல வருவது வேறு. வார்டில் நமக்குத் தேவைப்படுவது இரண்டாவது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஒரு பக்கம், ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்வது ஏன் பரீட்சையோடு போய்விடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதனால் நான் முதலில் சொல்வது வெள்ளைத் தாள் முறை. ஒரு தலைப்பைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுத வேண்டும். கையெழுத்து, வரிசை, அழகு எதுவும் முக்கியமில்லை. முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். அந்த நிறத்தில் இருப்பதுதான் நாளைக்குப் படிக்க வேண்டிய பாடம். ஆரம்பத்தில் இது கசப்பாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் படித்த பிறகும் தாளில் பாதி காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் சோர்ந்துதான் போகும். ஆனால் யோசித்து, திணறி, வெளியே எடுத்த விஷயம்தான் தங்குகிறது.

அடுத்தது இடைவெளி. மறதி எவ்வளவு வேகமாக வரும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே நழுவிவிடுகிறது, பிறகு நழுவும் வேகம் குறைகிறது. அதனால் ஒரே நாளில் ஐந்து மணி நேரம் உட்கார்வதைவிட, அந்த ஐந்தையும் பல நாட்களுக்குப் பிரித்துக்கொள்வது லாபம். இதற்கு அட்டைகள் நல்ல துணை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். சரியாகச் சொன்ன அட்டை சில நாள் கழித்து வரட்டும், தவறியது நாளைக்கே வரட்டும். இந்த வேலையைச் செய்யும் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் அட்டையில் ஏற்றக் கூடாது. பொட்டாசியத்தின் இயல்பு அளவு, ஒரு மருந்தின் நச்சை முறிக்கும் மாற்று மருந்துகள், 'பிரில்' என்று முடியும் ரத்த அழுத்த மருந்துகளால் வறட்டு இருமல் வரலாம் என்பது போன்ற தனித்தனித் துணுக்குகளுக்குத்தான் அட்டை. இதயச் செயலிழப்பை, அதாவது இதயத்தால் உடம்புக்குத் தேவையான ரத்தத்தை அனுப்ப முடியாமல் போகும் நோயை, நாற்பது அட்டையாக வெட்டிப் படித்த மாணவிக்கு நாற்பது துணுக்கும் தெரிந்திருந்தது, நோய் புரிந்திருக்கவில்லை.

புரிவதற்கு 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். நர்சிங் படிப்பில் நான் மிக அதிகமாக மதிக்கும் பழக்கம் இதுதான். ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதயச் செயலிழப்போடு ஒரு பெரியவர் வார்டில் இருந்தார். இதயத் துடிப்பை வலுவாக்கும் டிஜாக்சின், உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றும் ஃபியூரோசிமைடு இரண்டு மருந்தும் ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அவரைப் பார்த்துக்கொண்ட மாணவியிடம் டிஜாக்சின் பற்றிக் கேட்டேன். "கொடுக்குறதுக்கு முன்னாடி மார்புல வச்சு ஒரு நிமிஷம் முழுசா இதயத் துடிப்பை எண்ணணும், பெரியவங்களுக்கு அறுபதுக்குக் கீழ இருந்தா நிறுத்தி வச்சுட்டு டாக்டர்கிட்ட சொல்லணும்" என்று பிசகில்லாமல் சொன்னாள். ஃபியூரோசிமைடு? "சிறுநீர் அதிகமாப் போகும், பொட்டாசியம் குறையும்." அதுவும் சரி. "காலையில வந்த ரிப்போர்ட்ல பொட்டாசியம் 3.0. இப்ப என்னம்மா செய்வ?" என்றேன். இயல்பு அளவு 3.5 முதல் 5 வரை என்பது அவளுக்குத் தெரியும். குறைவு என்பதும் தெரிந்தது. அதற்குமேல் போகத் தெரியவில்லை. இரண்டு மருந்தையும் இரண்டு தனி அத்தியாயங்களில் படித்திருந்தாள்.

கேஸ் ஷீட்டின் ஓரத்தில் கைவைத்தபடியே இருவரும் பேசினோம். டிஜாக்சின் இதயத் தசை செல்லில் உள்ள சோடியம் பொட்டாசியம் பம்ப்பில் போய் ஒட்டுகிறது. பொட்டாசியமும் அதே பம்ப்புக்குத்தான் போட்டி போடுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் போட்டிக்கு ஆளில்லை, மருந்து அதிகமாக ஒட்டிக்கொள்கிறது. அப்படியென்றால் டோஸ் மாறாமலேயே, நேற்று வரை பாதுகாப்பாக இருந்த மருந்து இன்றைக்கு நச்சாகலாம். அதன் அறிகுறிகள் என்ன? பசியின்மை, குமட்டல், வாந்தி, பார்வையில் மஞ்சள் படர்வது, துடிப்பு தாறுமாறாவது. இந்த இடத்தில் அவளே நிமிர்ந்து, "காலையில சாப்பாடு வேணாம்னு சொன்னாரே சிஸ்டர்" என்றாள். டோஸை நிறுத்தி வைத்து, நாடியைப் பார்த்து, ரிப்போர்ட்டையும் பசியின்மையையும் சேர்த்து டாக்டரிடம் சொன்னோம். அதற்குப் பிறகு அந்த மாணவி எந்த மருந்தைப் படித்தாலும், கூடவே ஓடும் இன்னொரு மருந்து எது, எந்த ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்று தானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

இதே மாதிரிதான் சர்க்கரை தாழ்நிலையும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம், பேச்சு குழறல் என்று வரிசையாக மனப்பாடம் செய்பவர்கள் இரண்டை மறந்துவிடுவார்கள். முதல் மூன்றும் உடலின் எச்சரிக்கை நரம்புகள் விழித்துக்கொள்வதால் வருகின்றன (நடுக்கமும் படபடப்பும் அட்ரினலின் வழியாக, வியர்வை அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருள் வழியாக), பின்னிரண்டும் மூளைக்குக் குளுக்கோஸ் போதாததால் வருகின்றன என்று பிரித்துக்கொண்டால் மறக்காது. அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் பீட்டா தடுப்பு மருந்து சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகலாம், வியர்வை மட்டும் தெரியலாம் என்பதும் அங்கிருந்தே விளங்கும்.

இதனால் ஒரு நாள் பயிற்சி முடிந்ததும், அன்றைக்குப் பார்த்த ஒரு நோயாளியை வைத்து ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். பெயர், கட்டில் எண், அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. இவருக்கு என்ன, ஏன் வந்தது, என்ன மருந்து, அதில் நான் எதைக் கவனிக்க வேண்டும், அடுத்த சில மணி நேரத்தில் எது தவறாகப் போகலாம். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பிறகு தாளைப் பார்க்காமல் அந்த நோயாளியைப் பற்றி அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்கு ஹேண்ட்ஓவர் கொடுப்பது போல வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்: இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என் கோரிக்கை. எங்கே வாய் தடுக்குகிறதோ அங்கே பாடம் பாக்கி இருக்கிறது.

தேர்வுக் கேள்விகளுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். நர்சிங் தேர்வுகளில் "முதலில் எதைச் செய்வீர்கள்?" என்ற வகைக் கேள்வி நிறைய வரும். நான்கு விடையுமே செய்யத்தக்கவையாக இருக்கும், வரிசைதான் கேள்வி. மூச்சுப் பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற ஒழுங்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தைராய்டு அறுவை முடிந்த நான்கு பேர் இருந்தால், வலி என்பவரைவிட மூச்சிழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருபவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். மாதிரித் தேர்வு எழுதியதும் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள். எனக்கு அது வீணாகத் தெரிகிறது. ஒவ்வொரு தவறான விடைக்கும் பக்கத்தில் அது ஏன் தவறு, எந்த நிலைமையில் அதுவே சரியாக இருக்கும் என்று ஒரு வரி எழுதினால், ஒரு கேள்வியில் நான்கு பாடம் கிடைக்கும்.

மருந்து, டிரிப்ஸ் அளவுக் கணக்கைத் தினமும் கொஞ்சமாவது போட வேண்டும், போடுவதற்கு முன்னால் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1000 மில்லி திரவம், 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 125 மில்லி, அதாவது நிமிடத்துக்கு இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் நாற்பது சொட்டுக்குச் சற்று அதிகமாக வர வேண்டும். சூத்திரத்தில் போட்டால் 41.67 வரும், 42 என்று வைத்துக்கொள்கிறோம். இந்த நிதானம் இருந்தால், 4 அல்லது 420 என்று வரும்போது கை தானாக நின்றுவிடும். சூத்திரம் மட்டும் தெரிந்தவருக்கு மூன்று எண்ணும் ஒன்றுதான். மருந்து விஷயத்தில் புள்ளி ஒரு இடம் தள்ளினால் பத்து மடங்கு வித்தியாசம்.

செய்முறைகளுக்கு வேறு வழி கிடையாது, கையால் செய்துதான் பழக வேண்டும். செய்யும்போது அடுத்த படி என்ன, எதற்காக என்று வாய்விட்டுச் சொல்வது நல்லது.

"நான் பார்த்துப் படிக்குற ஆள், எனக்கு வீடியோதான் ஒத்துவரும்" என்று சிலர் சொல்வதுண்டு. ஆளுக்கு ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால்தான் ஏறும் என்ற எண்ணத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் உளவியலாளர்கள் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். வீடியோ பார்க்கலாம், தாராளமாக. பார்த்து முடித்ததும் வெள்ளைத் தாளை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டாகப் படிப்பதும் அப்படியே. தனியாக ஒருமுறை முயன்றுவிட்டு வந்தவர்கள் கூடினால் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு வளர்கிறார்கள். யாரும் படிக்காமல் வந்து கூடினால், நன்றாகப் படிப்பவர் பேசுகிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கற்றது நினைவில் உறைவதற்குத் தூக்கம் வேண்டும். நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக நோயியல் புத்தகத்தோடு உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தூங்கி எழுந்த பிறகு அரை மணி நேரம் படித்தால் போதும், தூங்காமல் உட்காரும் இரண்டு மணி நேரத்தைவிட அது தேறும். நைட் முடிந்த நாளில் அட்டைகளைக்கூடத் தொட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மாணவர் தயங்கினால் நாம் உடனே விடையைச் சொல்லிவிடுகிறோம், வேலை நெருக்கடி அப்படி. இப்போதெல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருக்கிறேன். வரவில்லையென்றால் துப்பு ஒன்று கொடுக்கிறேன். அப்போதும் வரவில்லையென்றால், "ஷிஃப்ட் முடியறதுக்குள்ள பார்த்துட்டு வந்து சொல்லு" என்று விட்டுவிடுகிறேன். பெரும்பாலும் வந்து சொல்கிறார்கள். மறுநாள் காலை அதே கேள்வியை வேறு நோயாளியை வைத்துக் கேட்கிறேன்.