ஈட்டி முனை பட்டால் போர் தொடங்குமா?

மலேசியாவின் பட்டர்வொர்த், ஞாயிறு பிற்பகல். மேசைமேல் மட்டும் ஆண்டு 1025. பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் ஆட்டம். ஒரு பக்கம் அண்ணன், இராசேந்திர சோழனாக. எதிரே தம்பி, கடாரத்தரசனாக (கடாரம் இன்றைய கெடா). ஆளுக்கு 12 அணி, 15 மில்லிமீட்டர் பொம்மைகள். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம். அரை மணி நேரமாக ஒரு யானை அசையவில்லை. தே தாரிக் ஆடை கட்டிவிட்டது.

"தொட்டுருச்சு தம்பி."

"எங்கண்ணே தொட்டுச்சு? அது ஈட்டி லா!"

டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) என்ற விதிநூல்படி ஆடும் இந்த வகை ஆட்டத்தில் ஈட்டிக்கும் தும்பிக்கைக்கும் கணக்கில்லை. பொம்மைகளை ஒட்டியிருக்கும் அடித்தட்டின் விளிம்புதான் அளவு. தட்டின் அகலம் 40 மி.மீ. ஆனால் தரைபோலத் தெரிய மணலும் பசையும் அப்பும்போது பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் பிதுங்கிவிடும். நான்கு தட்டை ஒட்டி வைத்தால் 160 வரவேண்டியது 164 ஆகும். ஓரத்து அணி யாருக்கு நேரே நிற்கிறது என்று வாய்ச்சண்டை. விளிம்புவரை பசை பூசாதீர்கள், பிதுங்கியதை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஈட்டி இடித்துக்கொண்டு தட்டுகள் சேரவில்லையா? பொம்மையை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே அளவு அட்டையை வையுங்கள்.

இன்னொரு அட்டை 40-க்கு 40 சதுரமாக. தட்டின் முன்விளிம்பில் ஒட்டி வைத்தால் எதிரியை மிரட்டும் எல்லை அதுதான். அளவுகோலை யார் சாய்த்துப் பிடித்தார் என்ற பேச்சே வராது.

அளவு சண்டை இப்படித் தீரும். சொல் சண்டைதான் தீராது. விதிநூல் ஆங்கிலம், மேசையில் ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு. அண்ணன் "பின்வாங்கலாம்" என்கிறார், தம்பி "பின்வாங்கணும்" என்கிறார். இடையில் ஒரு படையே செத்துவிடும். அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும், அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து. விதிவிலக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். எந்த யானை யாருடையது என்று தெரியாத ஒருவர் வாசித்தால் இன்னும் நல்லது. அதற்கும் முன்னால், இருவர் கையிலும் ஒரே பதிப்புதானா என்று பாருங்கள். கைப்பேசியில் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு முழங்கும் ஆள் எல்லா மேசையிலும் உண்டு.

நகர்த்துவதற்கு முன் நோக்கத்தைச் சொல்லிவிடுவது நல்ல பழக்கம்: "குதிரைய ஒங்க எல்லைக்கு வெளியதான் நிறுத்துறேன், சரியாண்ணே?" அவர் தலையாட்டிவிட்டால், பிறகு இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இருந்தாலும் அது வெளியேதான்.

சரித்திரம் பேசத் தொடங்கினால் பொழுது போய்விடும். கடாரத்தரசன் யானைகளோடு பிடிபட்டான் என்று சோழனின் மெய்க்கீர்த்தியே சொல்கிறதாம், ஆகவே அந்த யானை அண்ணனுக்குத்தானாம். தம்பி கி.மு. 202-க்கு ஓடுகிறார்: ஸாமா போரில் ஹன்னிபாலின் யானைகள் வந்தபோது ரோமத் தளபதி சிப்பியோ தன் படை நடுவே வழி விட்டார், யானைகள் பாதி அதிலே போய்விட்டன, நீங்களும் வழி விடுங்கள்! ஒரு விதி ஏன் வந்தது என்று புரிய சரித்திரம் உதவும். நூலில் இல்லாத விதியை அதைக் காட்டி நுழைக்க முடியாது.

ஐந்து நிமிடம் தேடியும் கிடைக்காவிட்டால் பகடைதான். 1 முதல் 3 அண்ணன் சொன்னது, 4 முதல் 6 தம்பி சொன்னது. விழுந்த தீர்ப்பு அன்று முழுக்க இருவருக்கும் பொது. தாளில் குறித்துக்கொண்டு, நூலை வீட்டில் போய்ப் புரட்டலாம். பகடையைக் கழுவிய தாப்பாவ் டப்பாவுக்குள் உருட்டுவது உத்தமம், அடி சமமாக இருக்கும்.

இன்றைக்கு டப்பாவில் இன்னும் மீன்கறி இருந்ததால் மேசையிலேயே உருட்டினார்கள். பகடை விரிப்பின் மடிப்பில் சாய்ந்து நின்றது.

"நாலு லா, தம்பி!"

"அண்ணே, அது மூணு!"

கட்சி மாறிக் கத்துகிறோம் என்பது இருவருக்கும் இன்னும் உறைக்கவில்லை.