ஆறாம் வகுப்பில் ஜூன் மாதம்

2025 ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. இந்த வருடமும் ஆறாம் வகுப்பு என் பொறுப்பில். சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இருந்து டி.சி. வாங்கி வந்த பிள்ளைகள். ஏப்ரல் வரை தங்கள் பள்ளிக்கே பெரிய அண்ணன், அக்காவாக இருந்தவர்கள், இங்கே மீசை வைத்த பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களைப் பார்த்துவிட்டுச் சுவரோரமாக நடக்கிறார்கள். வரவேற்புரை எதுவும் வைக்கவில்லை. கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சத்துணவுக் கூடம், பஸ் ஏறும் இடம் என்று வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஜூன் 4, புதன்

மணி அடித்தால் ஆசிரியர் மாறுவதுதான் இவர்களுக்குப் பெரிய குழப்பம். அங்கே எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர். இங்கே கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர். “மிஸ், வயிறு வலிச்சா எந்த மிஸ்கிட்ட சொல்லணும்?” என்று ஒரு பெண் கேட்டாள். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், என்னிடம் எப்போதும் சொல்லலாம் என்றேன். அப்புறம் ஆசிரியர் அறையில், ஆறாம் வகுப்புப் பிள்ளை வெளியே போகக் கேட்டால் இந்த மாதம் மறுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ‘ரொம்பச் செல்லம்’ என்றார் ஒருவர். இருக்கட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாவது பீரியடில் ஒரு பையன் டெஸ்கில் தலை சாய்த்துவிட்டான். “காலையில சாப்பிட்டியாடா?” “இங்க தர மாட்டாங்களா மிஸ்?”

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். உப்புமா, பொங்கல், கிச்சடி என்று பள்ளியிலேயே சாப்பிட்டுப் பழகிய வயிறு. அம்மா விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பும் வீட்டில், ஆறாம் வகுப்புக்கு வந்தவுடன் காலைச் சாப்பாடு நின்றுபோகிறது. மதியச் சத்துணவு வரை காத்திருக்க வேண்டும். பதினொரு வயதானால் பசி குறைந்துவிடுமா என்ன? எட்டாம் வகுப்பு வரையாவது இதை நீட்டிக்க வேண்டும். அதுவரை என் அலமாரியில் கடலை மிட்டாய் டப்பா இருக்கும். பெற்றோரிடமும் சொல்லிவிட்டேன்: டிபன் செய்ய நேரமில்லை என்றால் பழைய சோறும் மோரும் போதும், வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள்.

ஜூன் 18, புதன்

பஸ்ஸில் பெரிய பையன்கள் இடிக்கிறார்கள் என்று ஒருவன் வராமல் இருந்தான். அவன் ஊரிலிருந்து வரும் எட்டாம் வகுப்பு அக்காவிடம் பொறுப்பைக் கொடுத்தேன். இப்போது வருகிறான்.

ஜூன் 27, வெள்ளி

வகுப்பில் வாயே திறக்காத ஒருவனைப் பற்றி அவனுடைய பழைய டீச்சருக்குப் போன் செய்தேன். “அவனா? எங்க பிரேயர்ல தினமும் குறள் சொன்னவன் அவன்தானே! அவசரப்படுத்தினா திக்கும், கொஞ்சம் பொறுத்தா சரியாச் சொல்லிடுவான்” என்றார். டி.சி.யில் பிறந்த தேதி இருக்கிறது, எந்தக் கையில் மச்சம் என்பதும் இருக்கிறது. இது இல்லை. அடுத்த ஏப்ரலில் அந்தப் பள்ளிகளுக்கெல்லாம் நானே போய், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நாலு வரி எழுதி வாங்கி வரப் போகிறேன். தலைமை ஆசிரியரிடம் இன்றே சொல்லி வைத்தாயிற்று.