பிணையாளியின் லெந்து நாட்கள்

2025 மார்ச் 5, புதன்

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலமான லெந்து இன்று தொடங்குகிறது. எங்கள் சபையில் நெற்றியில் சாம்பல் பூசும் வழக்கம் இல்லை. மாலை ஆராதனை முடிந்து வீடு வந்ததும், உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் இயன்ற நாட்களில் எழுதிவைப்பது என்று முடிவு செய்துகொண்டேன். மற்ற ஆண்டுகளில் மீனையும் இறைச்சியையும் விலக்குவேன். இந்த ஆண்டு அவை தாமாகவே விலகிவிட்டன.

காரணம் இதுதான். 2023 ஆம் ஆண்டு, அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த ஒரு தம்பி 8 இலட்சம் ரூபாய் வங்கிக் கடன் எடுத்தபோது நான் பிணை நின்றேன். மற்றப் பிணையாளி எங்கள் அலுவலக உதவியாளர். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளே இருக்கின்றன, கட்டிக் கொடுக்க இரண்டு பெண்பிள்ளைகள். கடன் எடுத்த தம்பி சென்ற ஆண்டு விடுமுறை பெற்று வெளிநாடு போனவர், போனவர்தான். மாதத் தவணை 20,300 ரூபாய். நான்கு தவணை கட்டப்படவில்லை என்றும், நிலுவை 81,200 ரூபாய் என்றும், பிணையாளிகள் உடனே வங்கிக்கு வரவேண்டும் என்றும் திங்கட்கிழமை பதிவுத் தபால் வந்தது. தபாற்காரரிடம் கையெழுத்திட்டு வாங்கும்போதே கை நடுங்கியது. கையெழுத்து என்றாலே இப்போது பயமாயிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

வங்கியில் கோப்பை எடுத்துக் காட்டினார்கள். பிணைப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து, அதன் வலப்பக்கத்தில் ஐம்பது சதக் குற்றியளவில் ஒரு மங்கலான வட்டம். அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்று மதிய இடைவேளையில் பருத்தித்துறை வடை தின்றுகொண்டிருந்த கையோடு அந்தப் பத்திரத்தைப் பிடித்திருந்தேன். பத்துப் பக்கத்தில் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. வடை முடிவதற்குள் முடிந்த காரியம் அது.

இன்று வாசித்தேன். "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவோம்" என்று இருக்கிறது. அதன் பொருளை அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்: பாதிப் பாதி என்பது எங்களுக்குள் நாங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுதானே தவிர, வங்கி நினைத்தால் முழுத் தொகையையும் ஒருவரிடமே அறவிடலாம். நிலுவை நீண்டால் சம்பளத்தில் கழிக்கும்படி அலுவலகத்துக்கு எழுதுவார்களாம். வெளியே வந்து வேம்பின் நிழலில் சற்று நேரம் நின்றேன். ஜெபிக்க வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பெண்களின் உலக ஜெப நாள். இந்த ஆண்டின் ஆராதனை முறையைப் பசுபிக் சமுத்திரத்தின் குக் தீவுகளைச் சேர்ந்த பெண்கள் ஆயத்தம் செய்திருந்தார்கள். 139 ஆம் சங்கீதம், அதிசயமாய் உண்டாக்கப்பட்டோம் என்ற பகுதி. எங்கோ ஒரு சமுத்திரத்தின் நடுவிலிருந்து முன்பின் அறியாத பெண்கள் எங்களுக்காக எழுதியனுப்பிய ஜெபங்களை மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்க, நான் அந்தத் தாளின் பின்பக்கத்தில் 81,200 ஐ இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் ஒரு சகோதரியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் என் தோளைத் தட்டி, கவலைப்படுவது விசுவாசக் குறைவு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் அந்த வாக்கியத்தோடு எனக்கு நெடுங்காலமாகவே சண்டை உண்டு. கெத்செமனேயில் ஆண்டவர் வியாகுலப்பட்டார் என்றும், அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையில் விழுந்தது என்றும் லூக்கா எழுதிவைத்திருக்கிறார். அந்த இரவில் விசுவாசக் குறைவு இருந்தது என்று யாரும் பிரசங்கிப்பதில்லை. பயம் வந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, பயத்தோடு அவர் அடுத்து எங்கே நடந்தார் என்று பார்த்தால் நமக்கு ஏதாவது கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

அதிகாலை 2.10 க்கு விழித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் இதே நேரந்தான். அருகில் கணவர் பிறசர்க் குளிசை போட்ட அயர்வில் உறங்குகிறார். மகன் கார்த்திகையில் வரும் உயர்தரப் பரீட்சைக்காக மேசை விளக்கை எரியவிட்டபடியே புத்தகத்தின் மேல் படுத்துவிட்டான். அவனை எழுப்பிப் பாயில் படுக்கவைத்துவிட்டு அடுப்படிக் குந்தில் இருந்தேன்.

போர்க்காலத்தில் இதைவிடப் பெரிய பயங்களைக் கண்ட ஊர் இந்த யாழ்ப்பாணம். 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் அயலிலும் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது எனக்கு 22 வயது. ஒக்டோபர் 30 ஆம் திகதி ஊரோடு ஊராக எங்கள் வலிகாமப் பகுதியை விட்டு வெளியேறியபோது, அம்மா தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தார். நாவற்குழிப் பாலத்தடியில் முன்னுமில்லை பின்னுமில்லை என்று சனம் நெருக்கியடித்து நின்ற அந்த மழை இரவில், அந்த இரும்புத் தலை நனையாமலிருக்கத் தன் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அம்மா எனக்குத் தெரிந்த கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் ஒரு மேசையைத் தேடிப்பிடித்து அதில் அந்தத் தலையைப் பூட்டி, மூன்றாம் நாளே அயலவர்களின் கிழிசல்களைத் தைக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பயத்தை ஊர் முழுவதும் சேர்ந்து சுமந்தது. பக்கத்தில் நிற்பவருக்கும் அதே பயம் என்பதால் ஒருவருக்கொருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்ட முடிந்தது. கடன் பயம் அப்படியல்ல. வெளியே சொன்னால் மானம் போகும் என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதால், நள்ளிரவில் அடுப்படியில் தனியே இருந்து அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

நீதிமொழிகள் பதினோராம் அதிகாரத்தை வாசித்தபோது இந்த வசனம் கண்ணில் குத்தியது: "அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான்." சாலொமோன் முதலே சொல்லியிருக்கிறார்; நான்தான் வடை தின்றுகொண்டிருந்தேன்.

பாடு என்ற சொல்லை நாள் முழுவதும் உருட்டிக்கொண்டிருந்தேன். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று மத்தேயுவில் வருவதும் இதே சொல். கத்தோலிக்க அயலவரின் விவிலியத்தில் அந்த இடத்தில் "தொல்லை" என்று இருக்கிறது. பொருள் தெளிவுதான், ஆனால் பாடு என்றால் துன்பம் மட்டுமல்லவே. உழைப்பும் பாடுதான். ஆண்டவரின் மரணத்தையும் திருப்பாடுகள் என்கிறோம். பாசையூர்க் கரையில் வள்ளம் வந்தால் "இண்டைக்கு மீன்பாடு எப்பிடி?" என்று கேட்பார்கள்; அங்கே பாடு என்பது வலையில் வந்த மீன். நாளைக்குரிய பாட்டை இன்று எடுக்காதே என்ற வார்த்தையை, துன்பம், உழைப்பு, அன்றைய வரும்படி மூன்றையும் சேர்த்துக் கேட்டால் அது ஆறுதலாக மட்டும் இருப்பதில்லை. இன்றைய வேலையைச் செய் என்ற கட்டளையாகவும் இருக்கிறது.

(இந்த வேத மொழியின் ஓசையில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பங்குண்டு. 1850 இல் வெளியான, மிஷனரி பீற்றர் பேர்சிவலின் வேத மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணையாக இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். நாங்கள் இப்போது வாசிப்பது அதற்குப் பிந்திய மொழிபெயர்ப்பு. ஆனாலும் கிறிஸ்தவ வேதத்தின் தமிழுக்காக ஒரு சைவர் இரவு பகலாய் உழைத்த ஊரில் வாழ்கிறோம் என்பதை நாங்கள் அடிக்கடி மறந்துபோகிறோம்.)

மார்ச் 22, சனி

கடன் எடுத்த தம்பியின் தாய் அளவெட்டியில் தனியே இருக்கிறார். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன். அதை மறைக்க விரும்பவில்லை. வழி நெடுகக் கேட்க வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். படலையைத் திறந்த அம்மாவுக்கு நான் யார் என்று தெரிந்திருந்தது.

"பிள்ளை, எனக்கும் அவன் கோல் எடுக்கிறேல்லை. மாசி மாசத்தோடை நிண்டுபோச்சு" என்றார்.

அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. தேநீர் வேண்டாம் என்றேன். புறப்படும்போது ஆறு முருங்கைக்காயைத் தும்புக் கயிற்றால் கட்டிக் கையில் திணித்தார். பஸ்ஸில் வரும்போது எனக்கு இரக்கம் வரவில்லை. 81,200 ரூபாய்க்கு ஆறு முருங்கைக்காய் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. கறி வைத்தேன், நல்ல சதைப்பிடிப்பான காய்கள்.

மார்ச் 27, வியாழன்

அலுவலக உதவியாளர் அண்ணையும் நானும் மதியம் கதைத்தோம். "தங்கச்சி, நான் மாவிட்டபுரம் கந்தனிட்டைப் பாரத்தைப் போட்டிட்டன். நீங்கள் உங்கடை ஆண்டவரிட்டைச் சொல்லுங்கோ" என்றார். பிறகு, ஒரு பழைய கொப்பித் தாளில் தன் சம்பளக் கழிவுகளை வரிசையாக எழுதியதை எடுத்து நீட்டினார். கையில் மிஞ்சும் தொகையைப் பார்த்ததும் நான் முதலில் சொல்ல நினைத்திருந்த 10,150 என்ற இலக்கம் தொண்டையில் நின்றுவிட்டது.

நிலுவையைத் தவணை தவணையாகச் சேர்த்துக் கட்ட வங்கி இணங்கியிருக்கிறது. மாதம் 13,300 நான், 7,000 அவர் என்று முடிவானது. இதை நான் பெருந்தன்மையோடு செய்யவில்லை. சொன்ன அடுத்த கணமே வருத்தப்பட்டேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உலகத்துக்கே பிணை நிக்க ஒராள் இருக்கிறார் எண்டு நீதானே சொல்லுறனி. பிறகேன் நீயும் போய் நிண்டனி?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டதுதான், ஆனால் நல்ல கேள்வி. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் இயேசுவுக்குப் பிணையாளி என்ற பெயர் உண்டு. என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

வளவில் வேம்பு பூத்துக் கொட்டுகிறது. ஐந்து மணிக்கே பழைய சேலையை மரத்தடியில் விரித்து, விழுந்த பூவை அரித்துக் காம்பும் தூசும் போகச் சுளகில் புடைத்தேன். ஊறிய உளுந்தைத் தோல் கழுவிக் கரகரப்பாக அரைத்து, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்போடு பூவைச் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டி ஓலைப் பாயில் பரப்பினேன். நாலு வெயில் காய வேண்டும். 40 பொதி வடகம் தேறும். பொதி 300 ரூபாய்க்கு எடுக்க ஒரு கடைக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மகன் காகம் விரட்ட வந்து இருந்தான். போய்ப் படி என்று சொல்லவில்லை.

கையெல்லாம் கசப்பு. மத்தியானச் சோற்றைப் பிசைந்தபோதும் விட்டுப்போகவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வேலையாக உடுவிலுக்குப் போனேன். நான் படித்த பள்ளிக்கூடத்தின் வாசல் வழியாக வரும்போது அமெரிக்க மிஷனரி ஹரியட் வின்சிலோவை நினைத்துக்கொண்டேன். 1824 இல் பெண்பிள்ளைகளுக்கென்று அந்த விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர், பெற்ற பிள்ளைகள் சிலரை இங்கேயே புதைத்தவர், 1833 இல் தமது 36 ஆவது வயதில் இறந்தார். அடுத்த 200 ஆண்டுகளைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? காய்ச்சல், பிரசவம், அன்றைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் போடவேண்டிய சோறு, இவைதான் தெரிந்திருக்கும். நோக்கத்தோடு வாழ்வது என்று நாங்கள் கூட்டங்களில் பேசும்போது அது ஏதோ மலையுச்சியில் இருப்பதுபோல் பேசுகிறோம். மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு!

ஏப்ரல் 14, திங்கள்

நேற்றுக் குருத்தோலை ஞாயிறு, இன்று புத்தாண்டு. பரிசுத்த வாரத்துக்குள் புத்தாண்டு விழுந்ததால் எங்கள் வீட்டில் பலகாரம் இல்லை. அண்ணை வீட்டிலிருந்து ஒரு வாளியில் பொங்கலும் பலகாரமும் வந்தன. வெறும் வாளியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று இரண்டு பொதி வடகம் வைத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டு மணி தொடங்கி மூன்று மணிவரை ஆராதனை. சிலுவையின் ஏழு வார்த்தைகள். மின்விசிறிக்குத் தொலைவில் இடம் கிடைத்ததால் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"முடிந்தது" என்ற ஆறாம் வார்த்தையைப் போதகர் விளக்கியபோது கணவரின் கேள்வி மறுபடி வந்தது. பிணையாளி என்பவர் கடன்காரனின் நல்ல குணத்தை நம்பிக் கையெழுத்திடுகிறவர். நானும் அப்படித்தான் இட்டேன். தம்பி கட்டுவார் என்று நம்பினேன், ஏமாந்தேன், கசந்துபோனேன். ஆண்டவரோ நாங்கள் கட்டமாட்டோம் என்று தெரிந்துகொண்டே கையெழுத்திட்டவர். பத்துப் பக்கத்தையும் வாசித்துவிட்டு இட்டவர். அப்படியானால் நான் கட்டும் 13,300 எதற்கு என்ற கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. ஆனால் அந்தத் தம்பியை நினைக்கும்போதெல்லாம் நான் கடன் கொடுத்தவரின் கதிரையில் ஏறி இருந்துகொள்கிறேன் என்பது இன்று விளங்கியது. நானும் வேறொரு கோப்பில் கடன்காரிதான்.

இரவு 2.10 க்கு இன்றும் விழிப்பு வந்தது. பயம் போகவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

உயிர்ப்பு ஞாயிறு அன்று விடியற்கால ஆராதனைக்குப் போயிருந்தபோது, தெரியாத வெளிநாட்டு இலக்கமொன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது. "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வேலை இன்னும் சரிவரேல்லை." அவ்வளவுதான். பணத்தைப் பற்றியோ திகதியைப் பற்றியோ ஒன்றுமில்லை. இரண்டு நாள் பதில் போடவில்லை. எழுதி எழுதி அழித்தேன். அழித்தவற்றில் சில இந்த நாட்குறிப்பில் எழுதத் தக்கவையல்ல.

இன்று வங்கிக்குப் போய் அண்ணையும் நானும் முதல் தவணையைக் கட்டினோம். வடகக் காசு 12,000 அதில் சேர்ந்தது. வெளியே வந்து அதே வேம்பின் கீழ் நின்றபடி அந்தத் தம்பிக்குக் கடன் கணக்கின் இலக்கத்தையும், கட்ட வேண்டிய மிகுதியையும், இம்மாதம் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதையும் எழுதினேன். அதற்கு மேலே முதல் வரியாக, "கொம்மாவுக்கு முதல் கோல் எடு" என்று சேர்த்து அனுப்பினேன்.

இரண்டு சரிக்குறியும் விழுந்துவிட்டன. இன்னும் நீலமாகவில்லை.