டர்னஸின் கேடயத்தில் மோதிய பறவை

ஜூன் 3
ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். 12 பாகங்கள், பத்தாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு. போன தடவை கதாநாயகன் ஈனியஸ் பின்னாலேயே போனேன். இப்போது தேவர்களைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே கவிஞரே கேட்கிறார்: வானோர் நெஞ்சில் இவ்வளவு கோபமா?

ஜூன் 5
இரண்டாம் பாகம். ஈனியஸின் ஊரான ட்ராய் எரிகிறது. அவன் தாயான வீனஸ் தேவி மகனின் கண்ணை மூடியிருந்த மூட்டத்தை விலக்குகிறாள். அதுவரை கிரேக்கப் படை மட்டுமே தெரிந்த இடத்தில், கடல் தேவன் நெப்டியூன் திரிசூலத்தால் மதிலை அடியோடு பெயர்க்கிறான். கோட்டை வாயிலில் ஜூபிடரின் மனைவி ஜூனோ, உச்சியில் மினர்வா தேவி. தேவர்களின் அரசன் ஜூபிடரும் எதிரிக்குத்தான் தெம்பு கொடுக்கிறார். பத்து வருடம் காத்த ஊர் இது. அந்தப் பக்கத்துக்கு மேல் இன்று படிக்க முடியவில்லை.

ஜூன் 9
ஏழாம் பாகம். ஈனியஸ் இத்தாலியின் லத்தீன் மண்ணில் கால் ஊன்றுவான், அந்நாட்டு இளவரசி லவினியாவை மணப்பான் என்பது ஜூனோவுக்கு நன்றாகத் தெரியும். தடுக்க முடியாது, தள்ளிப்போட முடியும். அவள் தள்ளிப்போடும் அந்த நாட்கள்தான் மனிதர்களுக்குப் போர். எனக்கு ஆறாத இடம் இது.

மேலுலகம் வளையாவிட்டால் பாதாளத்தைக் கிளப்புவேன் என்று அலெக்டோ என்ற பாதாள தேவதையை ஏவுகிறாள். போர் மூள்வது எதில் தெரியுமா? ஒரு வளர்ப்பு மானில். சில்வியா என்ற பெண் அதற்குச் சீவிவிடுவாள், ஊற்றில் குளிப்பாட்டுவாள், கொம்பில் பூ சுற்றுவாள். பகலெல்லாம் காட்டில் திரிந்துவிட்டு, எவ்வளவு நேரமானாலும் தானே வீடு திரும்பும். ஈனியஸின் மகன் விட்ட அம்பை அலெக்டோ அதன் வயிற்றில் பாய்ச்சுகிறாள். ரத்தம் சொட்டச் சொட்டத் தொழுவத்துக்கு ஓடிவந்து, கெஞ்சுகிற மாதிரி வீடு முழுக்க முனகுகிறது. குடியானவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

ஜூன் 10
பிற்கால ரோமக் கவிஞர் லூகனையும் கொஞ்சம் புரட்டினேன். ரோமத் தளபதிகள் சீசருக்கும் பாம்பேக்கும் நடந்த போரைப் பாடும்போது இப்படிக் களமிறங்கும் தேவர்களை அவர் எடுத்தே விட்டார். வென்ற பக்கம் தேவர்களுக்குப் பிடித்தது, தோற்ற பக்கம் சீசரை எதிர்த்த கேட்டோவுக்கு என்கிறார். நீரோவின் ஆணையால் கி.பி. 65இல் சாகும்போது அவருக்கு வயது 25.

ஜூன் 14
பத்தாம் பாகம். ஈனியஸ் பக்கம் நின்று சாகப்போகிற இளைஞன் பல்லாஸ், ஜூபிடரின் மகன் ஹெர்குலிஸை வேண்டுகிறான். ஹெர்குலிஸ் சத்தம் வராமல் அழுகிறான். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் குறித்திருக்கிறது, ட்ராயில் என் மகன் சார்பிடானும் விழுந்தான் என்று ஜூபிடர் தேற்றுகிறார். சொல்லிவிட்டுக் களத்திலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்.

ஜூன் 16
கடைசிப் பாகம். மேலே ஜூபிடரும் ஜூனோவும் சமாதானமாகிவிட்டார்கள்: ட்ராய் என்ற பெயர் போகட்டும், லத்தீன் பேச்சும் உடையும் இருக்கட்டும். சரி, கீழே ஈனியஸின் எதிரி டர்னஸ் இன்னும் நிற்கிறானே! சமாதிமேல் ராத்திரியில் உட்கார்ந்து கத்தும் சின்னப் பறவையாக ஒரு சாபதேவதை வருகிறாள். அவன் முகத்துக்கு நேரே பறந்து பறந்து கேடயத்தில் சிறகடிக்கிறாள். அவனுக்குக் கைகால் மரத்துப்போகிறது, குரல் அடைத்துக்கொள்கிறது.

அந்தச் சிறகோசையை ஜூடர்னா தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுகிறாள். டர்னஸின் அக்கா அவள். ஜூபிடர் அவள் கற்பைப் பறித்துவிட்டு, அதற்கு ஈடாக அவளுக்குச் சாகாவரம் கொடுத்திருந்தார். தம்பியோடு கூடவே போக முடியாதபடி எனக்கு எதற்கு இந்தச் சாகாவரம் என்று கேட்கிறாள். பதில் சொல்ல யாரும் இல்லை. சாம்பல் நிற முக்காட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குகிறாள்.