அந்த மூன்று நிமிடம்

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. கால்நடை மருத்துவம் முடித்த புதிது, மே மாத வெயிலில் கோழிகளுக்கு ஸ்ட்ரெஸ் எவ்வளவு ஏறுகிறது என்று இரத்தத்தில் பார்க்கும் வேலை. ஸ்ட்ரெஸ் ஹார்மோன் நமக்குக் கார்டிசால் என்றால் கோழிக்குக் கார்டிகோஸ்டிரோன். இது நாள்கணக்கில் ஏறியே இருந்தால் நோய் எதிர்ப்புக்கான உறுப்புகளான தைமஸும் பர்சாவும் சுருங்கி நோய் எதிர்ப்பு சரிந்துவிடும்.

நான் செய்தது இதுதான். ஒரே வரிசையில் பன்னிரண்டு கோழிகளை மொத்தமாக வெளியே எடுத்து, ஒரு கிரேட்டில் போட்டு, நிதானமாக ஒவ்வொன்றாக இறக்கை இரத்தக் குழாயில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தேன். ரிசல்ட் வந்தது. முதல் கோழிக்குக் குறைவு, அப்புறம் படிப்படியாக ஏறிக்கொண்டே போய் கடைசிக் கோழிக்கு எங்கேயோ இருந்தது. அதற்கும் ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன், வெட்கம்தான்.

பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோழியை எப்போ பிடிச்சீங்கன்னு குறிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். குறிக்கவில்லை. கை வைத்த மூன்று நிமிடத்துக்குள் இரத்தம் எடுத்துவிட வேண்டும், தாண்டினால் பிடித்த பயமே ஹார்மோனாக ஏறி நிற்கும். நான் அளந்தது வெயிலை அல்ல, என்னைத்தான்.

இரத்தத்தை ஸ்லைடில் தடவி ஹெட்டிரோஃபில், லிம்போசைட் என்ற இரண்டு வகை வெள்ளணுக்களின் விகிதத்தை எண்ணியிருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது, அது மாற மணிக்கணக்கில் ஆகும். கண் வலிக்க எண்ண வேண்டும் என்று நான்தான் தட்டிக் கழித்திருந்தேன்.

இரண்டாவது முறை பண்ணையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கூட வந்தார். பளீரென்ற என் மஞ்சள் சட்டையைப் பார்த்ததுமே, "தம்பி, அதை மாத்திட்டு வாங்க, ஷெட்டே கத்தும்" என்றார். தலைகீழாகத் தூக்க விடவில்லை, நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்து நிமிர்த்தித்தான் எடுத்துத் தந்தார். தலைகீழாகப் பிடித்தால் கார்டிகோஸ்டிரோன் கூடுதலாக ஏறும் என்று ஆய்வுகளே இருக்கின்றன, அவர் அதையெல்லாம் படித்தவர் இல்லை. ஒரு கூண்டுக்கு ஒரு கோழி, கையில் ஸ்டாப்வாட்ச், அடுத்தது தள்ளி வேறு வரிசையில். நாள் முழுக்க ஆனது.

இப்போது யார் ரிப்போர்ட் கொண்டு வந்தாலும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் பிடித்த நேரம் எழுதியிருக்கிறதா என்று தேடுகிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை.