உதறல் நின்றுவிட்டது, சரி. மூளை அலையைப் பதியும் இஇஜி என்ன சொல்கிறது?

வலிப்பு என்றாலே நமக்குத் தெரிந்தது கண் செருகி, வாயில் நுரை தள்ளி, கைகால் வெட்டி இழுப்பதுதான். கைக்குழந்தைக்கு வரும் வெஸ்ட் சிண்ட்ரோம் என்ற வகை அந்த மாதிரி எதையும் காட்டாது. தூங்கி எழுந்த கொஞ்ச நேரத்தில் தலை முன்னால் கவிழும், இரண்டு கையும் விரிந்து மேலே போகும், ஓரிரு வினாடியில் விட்டுவிடும். அப்புறம் சில வினாடி கழித்து மறுபடியும், இப்படியே வரிசையாக உதறல். பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஆரம்பிக்கும்.

என் தங்கை மகனுக்கு வந்தது இதுதான். பினாங்கு ஜெலுத்தோங்கில் அவள் மாமியார் வீட்டில் முதலில் வயிற்றுவலி என்றார்கள், அப்புறம் உரம் விழுந்திருக்கு என்று உரம் எடுக்கும் பாட்டியிடம் தூக்கிப் போனார்கள். பக்கத்தில் பார்த்த டாக்டரும் இந்த வயசில் திடுக்கிடுவது சகஜம் என்று அனுப்பிவிட்டார். பார்க்க அப்படித்தான் இருக்கும், என்ன செய்வது. தங்கைதான் விடவில்லை. "அத்தை, திடுக்கிட்டா ஒரு தரம் திடுக்கிடும், இது வரிசையா வருது" என்று சொல்லிச் சொல்லி, விளக்கைப் போட்டு, துணியை விலக்கி, முழு உடம்பும் தெரிகிற மாதிரி போனில் படம் பிடித்தாள். அதைப் பார்த்த குழந்தை மருத்துவர் அன்றைக்கே வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார். இதில் நாள் கடத்தக் கூடாது. சிகிச்சை தள்ளிப்போகப் போக வளர்ச்சி பின்தங்கும் வாய்ப்பு கூடும்.

1841-இலேயே வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்த இதே நோயைப் பற்றி லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அட்டை விட்டுப் பார்த்தார், அபின் கொடுத்துப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. அவர் பெயரால்தான் வெஸ்ட் சிண்ட்ரோம். மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு வழியே இல்லை. 1950-களில்தான் இதற்கே உரிய இஇஜி கோலத்துக்கு ஹிப்சரித்மியா என்று பெயர் வந்தது, ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசி வேலை செய்கிறது என்பதும் அதே பத்தாண்டில் தெரிந்தது.

இஇஜி எடுப்பது ஒரு தனிக் கூத்து. குழந்தை பரிசோதனையின்போது தூங்க வேண்டும், அதனால் அதற்கு முன் தூங்க விடக்கூடாது. காரில் போகும்போதே கண் சொக்குகிறது, நான் பின்சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடி, காலைக் கிள்ளாத குறைதான். டெக்னீசியன் அக்கா அளவு நாடாவால் தலையை அளந்து பென்சிலால் புள்ளி வைத்தார், ஒவ்வொரு புள்ளியையும் ஜெல் தடவித் தேய்த்தார், பசையோடு வயரை ஒட்டினார், கடைசியில் தலை முழுக்கத் துணி சுற்றினார். தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருக்கு, முன்னாடியே போட்டுவிட்டால் உங்களுக்கு வசதியா என்று மாமியார் கேட்டார். "வேண்டாம்மா, முடியை வகிர்ந்தே ஒட்டிடுவேன்" என்றார் அவர். கரண்ட் எதுவும் உள்ளே போவதில்லை, மூளையிலிருந்து வருவதைப் பதிவு செய்வதோடு சரி.

திரையில் வந்ததோ கைக்குழந்தை கையில் பென்சில் கொடுத்தால் கிறுக்குமே, அந்த மாதிரி. 200 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் உயரமான அலைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், நடுநடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கூர்முனைகள். தூக்கத்தில்தான் இது நன்றாகத் தெரியும். விழித்திருக்கும்போது மட்டும் எடுத்தால் தப்பிவிடலாம். எல்லாக் குழந்தைக்கும் இந்தக் கோலம் வந்தே தீரும் என்றும் இல்லை.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் உதறல் நின்றது. வீடே கொண்டாட்டம். மறுபடியும் இஇஜி என்று டாக்டர் சொன்னதும் மாமியாருக்குக் கோபம்: "அதான் நின்னுடுச்சே, எதுக்குப் பிள்ளை தலையில பசையைப் போட்டுக்கிட்டு?" நான் இத்தனையும் எழுதுவது இந்தக் கேள்விக்காகத்தான். இந்த நோயில் பாதி குணம் என்று ஒன்றை வெற்றியாக எடுத்துக்கொள்வதில்லை. உதறலும் முழுசாக நிற்க வேண்டும், தூக்கத்தில் அந்தக் கிறுக்கலும் போயிருக்க வேண்டும். இரண்டு வாரத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும், இல்லையென்றால் அடுத்த மருந்து. எங்கள் பிள்ளையிடம் வெளியே பார்க்க உதறல் எதுவும் இல்லை, ஆனால் தூக்கத்து இஇஜியில் அலை அப்படியே இருந்தது. அதனால் விகாபட்ரின் என்ற வலிப்பு மருந்தைச் சேர்த்தார்கள், அதற்குப் பிறகு எடுத்ததில்தான் அலை ஒழுங்குக்கு வந்தது.

முதலிலேயே அதைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2004-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் ஹார்மோன் மருந்து (பிரெட்னிசலோன் அல்லது ஏசிடிஎச் வகை ஊசி) எடுத்த குழந்தைகளில் 73 சதவீதத்துக்கும் விகாபட்ரின் எடுத்தவர்களில் 54 சதவீதத்துக்கும் இரண்டு வாரத்தில் உதறல் நின்றிருந்தது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (மூளையில் கட்டியும் தோலில் திட்டும் உண்டாக்கும் மரபணு நோய்) இருக்கும் குழந்தைகளை அதில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு விகாபட்ரின்தான் முதல் மருந்து. அதற்காகத்தான் தோலில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று டாக்டர் தேடிப் பார்க்கிறார். விகாபட்ரினால் பக்கவாட்டுப் பார்வை பாதிக்கப்படலாம், அதனால் தேவைக்கு மேல் நீட்டுவதில்லை.

ஸ்டீராய்டை நாமாக நிறுத்தவே கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முகம் உப்பும், எந்நேரமும் பசி, எரிச்சல். கோயிலில் பார்த்தவர்கள் "பிள்ளை நல்லா செழிப்பா இருக்கானே" என்றபோது தங்கை சிரித்துச் சமாளித்தாள். இன்னொன்று: நம் மலேசியாவில் 9 மாதத்தில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லாவுக்காகப் போடும் எம்எம்ஆர், பலவீனமாக்கிய உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி, அதிக அளவு ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்கு அதைத் தள்ளிப்போடுவார்கள். கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார நிலையம்) போகும்போது மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோய், எப்போது போடலாம் என்பதைக் குழந்தையின் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.