மூணு லட்சம் குடுத்தா குழந்தை கைக்கு வந்துருமாம், எடுத்துக்கலாமா அக்கான்னு கேட்டா

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல சித்தி பொண்ணு போன் பண்ணா. தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க மூலமா ஒரு பையன் வருதாம், பொறந்து பத்து நாள்கூட ஆகல, மூணு லட்சம் கேக்குறாங்க, பர்த் சர்டிபிகேட்லயே எங்க பேரை போட்டு குடுத்துருவாங்களாம், எடுத்துக்கலாமாக்கான்னு கேட்டா. ஒன்பது வருஷமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்குனவ, அவ குரல்ல இருந்த ஆசைய கேட்டப்புறம் வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா சொல்லிட்டேன்.

2019-ல நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்துல குழந்தை விக்கிற கேஸ் வெடிச்சது ஞாபகம் இருக்கும். சட்டத்துல வித்தவங்க மட்டும் குத்தவாளி இல்ல, வாங்குனவங்களும்தான், அஞ்சு வருஷம் வரைக்கும் கடுங்காவல் இருக்கு. வளர்த்து அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்ச பிறகு போலீஸ் வந்து தூக்கிட்டு போனா அந்த புள்ளைக்கு என்ன புரியும் சொல்லுங்க.

இன்னொண்ணு, இது யாருமே பேசறதில்ல. வளர்க்க முடியாம குழந்தைய முறைப்படி குழந்தை நலக் குழுகிட்ட ஒப்படைக்கிற அம்மாவுக்கு, மனசு மாறுனா திரும்ப வாங்கிக்க 60 நாள் டைம் இருக்கு. அந்த 60 நாள் அவளோடது. பணம் குடுத்து பத்தாம் நாள்ல தூக்கிட்டு வந்தா நாம அவகிட்ட இருந்து அதையும் சேத்துதான் எடுத்துட்டு வர்றோம்.

சரி, வேற என்ன வழிதான் இருக்குன்னு கேட்டா. நாங்க குழந்தை எடுக்க நெனச்சப்ப எங்க வீட்டுல முதல்ல வந்த பேச்சே சொந்தத்துக்குள்ள எடுக்கறதுதான். என் ஓரகத்தி அப்ப மூணாவது உண்டாயிருந்தா, அதை பெரியவனுக்கு குடுத்துருன்னு மாமியார் சொன்னாங்க. இந்துக்களுக்கு 1956 சட்டப்படி இது முடியும், பெத்தவங்க ரெண்டு பேரும் சம்மதிச்சு குழந்தைய கையில தூக்கி குடுத்து, தத்துப் பத்திரம் எழுதி சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சுக்கறது நல்லது, குழந்தைக்கு 15 வயசு முடிஞ்சிருக்க கூடாது, ஏற்கனவே பையன் இருக்கறவங்க அந்த சட்டத்துல இன்னொரு பையனை எடுக்க முடியாது, பொண்ணுக்கும் அதே கதைதான். எல்லாம் விசாரிச்சுட்டேன். ஆனா அன்னிக்கு மாமியார் முன்னாடி சரிங்க்கான்னு தலையாட்டுன ஓரகத்தியோட கை வயித்து மேல இருந்துச்சு, எடுக்கவே இல்ல. அதை பாத்த பிறகு நான் அந்த பேச்சையே எடுக்கல. மனசார குடுக்கற வீடும் இருக்கு, நான் இல்லைங்கல, ஆனா கேக்கறதுக்கு முன்னாடி பெத்தவள தனியா கூப்பிட்டு பேசுங்க.

நாங்க போனது காரா வழி, அதாவது மத்திய அரசோட தத்து அமைப்பு. நாடு முழுக்க ஒரே வரிசை, ஆன்லைன்ல பதியணும், மதம் தடையில்ல. என்கூட வேலை பாக்கற கிறிஸ்தவ தோழி ரொம்ப நாளா அவங்களுக்கு கார்டியனா மட்டும்தான் இருக்க முடியும்னே நெனச்சுட்டு இருந்தாங்க. 1890 கார்டியன் சட்டத்துல அப்படித்தான், இப்ப சிறார் நீதி சட்டத்துல எல்லாரும் முழு அப்பா அம்மாவாவே ஆகலாம். கல்யாணம் ஆகாத பொண்ணும் எடுக்கலாம், தனி ஆம்பளைக்கு மட்டும் பெண் குழந்தை தரமாட்டாங்க.

வயசு கணக்கு ஒண்ணு இருக்கு, பலபேர் மாட்டறது அதுலதான். 2022 கடைசியில பதியறப்ப அவருக்கு 47, எனக்கு 41, கூட்டுனா 88. ரெண்டு வயசுக்குள்ள குழந்தை வேணும்னா கூட்டுத்தொகை 85 தாண்டக்கூடாது, ரெண்டுல இருந்து நாலுக்கு 90, நாலுல இருந்து எட்டுக்கு 100. அன்னிக்கு ராத்திரி நான் அழுதேன், கைக்குழந்தை இனிமே இல்லன்னு தெரிஞ்சு அழுதேன். ஆனா கைக்குழந்தைக்கு வருஷக்கணக்கா வரிசை நிக்குது, பெரிய புள்ளைங்க ஹோம்ல யாராவது வருவாங்களான்னு காத்துட்டு இருக்குங்க. நாங்க நாலுல இருந்து ஆறுன்னு போட்டோம்.

வீட்டாய்வுக்கு வந்த மேடம் பேங்க் பாஸ்புக், மெடிக்கல் சர்டிபிகேட் எல்லாம் பாத்துட்டு கடைசியா, குழந்தைகிட்ட அதோட பொறப்பு பத்தி எப்படி பேசுவீங்கன்னு கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் பதில் தெரியல. யோசிச்சு வைங்கன்னு மட்டும் சொன்னாங்க, இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுட்டுதான் இருக்கோம்.

2024-ல ஒரு போட்டோ வந்துச்சு. 48 மணி நேரத்துக்குள்ள சரின்னு சொல்லணும், எங்களுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அஞ்சரை வயசு பொண்ணு. முன்னாடி மாதிரி கோர்ட்டு ஆர்டர் இல்ல, 2022 செப்டம்பர்ல இருந்து கலெக்டர் ஆர்டர்தான், அது வந்த பிறகு எங்க பேர் போட்ட பர்த் சர்டிபிகேட்.

வந்த புதுசுல குக்கர் சத்தம் கேட்டாலே தட்டை எடுத்துட்டு வந்து சமையக்கட்டு வாசப்படியில நேரா நிப்பா, யாருமே இல்லாத வரிசையில. வா தங்கம் உக்காருன்னா எத்தனாவது ஆள்னு கேப்பா. அந்த தட்டு அலமாரிக்கு போக நாலு மாசம் ஆச்சு. பெரிய குழந்தைன்னா ஒட்டாதுன்னு சொல்றவங்களுக்கு சொல்றேன், ஒட்டும், ஆனா அவங்க வேகத்துலதான் ஒட்டும்.

தத்தெடுக்காம கொஞ்ச காலம் வீட்டுல வெச்சு பாத்துக்கற வளர்ப்புப் பராமரிப்பு முறையும் இருக்கு, பெத்தவங்க இருந்தும் பாத்துக்க முடியாத புள்ளைங்களுக்கு. விவரத்துக்கு உங்க மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேளுங்க. குழந்தைய யாராவது விக்கிறாங்கன்னு தெரிஞ்சா குழந்தைகள் உதவி எண் 1098-க்கு கூப்பிடுங்க.

நேத்து சித்தி பொண்ணு திரும்ப கூப்பிட்டா. அந்த ஆளுக்கு வேணாம்னு சொல்லிட்டாளாம், ராத்திரியெல்லாம் அழுதாளாம், அந்த பையன் இப்ப எங்க போவான்னு கேட்டா. அதுக்காகத்தான் 1098-க்கு கூப்பிடுன்னு சொன்னேன், பயமா இருக்குன்னா. சரி நான் பேசறேன், அந்த நர்ஸ் நம்பர் மட்டும் அனுப்புன்னேன். அனுப்பிட்டா.